குளிருது என்று சொல்லுங்கள், பிரீடா

கராகீல், ரோஸ்காமன்
3 நவம்பர் 2022

அன்புள்ள மலாக்கி,

தொலைபேசியில் உங்களோடு பேசிப் பேசி அலுத்துவிட்டது. நான் அரை மணி நேரம் பேசுகிறேன், நீங்கள் "ம்" கொட்டுகிறீர்கள். அப்புறம் "சரி, பை, பைபை, பைபைபை" என்று தேய்ந்துகொண்டே போய் வைத்துவிடுகிறீர்கள். பால் லாரி ஓட்டிய காலமெல்லாம் பசுக்களோடு மட்டும்தான் பேசினீர்களா? அதனால் இனிமேல் கடிதம். தாளில் வெறும் "ம்" எழுதி அனுப்பினால் தபால்தலைக்குக் கொடுத்த காசு உங்களுக்கே உறுத்தும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். என்னிஸ் ஹோட்டலில் நடனம் முடிந்து, கார் நிறுத்துமிடத்தில் மழையில் நனைந்துகொண்டே நீங்கள் கேட்டதற்கு நான் சரி சொன்னேன். அதில் மாற்றமில்லை. எழுபது வயதில் ஒருத்தி இரண்டாம் தடவை சரி சொல்வது லேசான காரியமில்லை என்பது மட்டும் உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் குடியிருக்கும் வௌவாலைக் கலைக்கச் சட்டம் விடாது என்பதால், பழுதுபார்க்க அந்த வீட்டைத் தொடமாட்டோம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஆகவே நாம் குடியிருக்கப்போவது என் வீட்டில்தான். என் வீடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் டாம் உயிரோடு இருந்தவரை ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளைத் திணித்தே குளிர்காலங்களை ஓட்டினார், பாவம். இப்போது குளிர் புகாதபடி சுவருக்குள் காப்பு அடைத்து, பரணில் கம்பளிப் பஞ்சு விரித்து, ஜன்னலையும் மாற்றி, எல்லாவற்றையும் அரசாங்கமே இலவசமாகச் செய்து தருகிறது. எரிபொருள் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு மட்டும். நான் வாங்குகிறேன், மனுவும் போட்டுவிட்டேன்.

ஆனால் உங்கள் பெரியம்மா மகன் பின்டன் சொன்னது மனதைக் குடைகிறது. வேலை முடிவதற்குள் வீட்டில் இன்னோர் ஆள் குடியேறினால் மனு ரத்து என்றாரே. இங்கே தகவல் மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பது டெர்வ்லா. அவளிடம் இதைப் பற்றி வாயைத் திறந்தால் ஞாயிறு பூசைக்குள் ஊரே வந்து எனக்கு வாழ்த்துச் சொல்லும். வேண்டாம். வீட்டு வேலை முடியட்டும், பிறகு கல்யாணம் செய்துகொள்ளலாம்.

எவ்வளவு நாளாகும் என்று அலுவலகத்துப் பெண்ணைக் கேட்டேன். "ரெண்டு வருஷம் ஆகலாம்மா, கூடவும் ஆகலாம்" என்றாள். உங்களுக்கு எழுபத்து நான்கு. நம் இருவருக்கும் மிச்சமிருக்கும் குளிர்காலங்களில் இரண்டை எடுத்து அரசாங்கத்துக்குக் கொடுக்கிறோம். எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க சர்வேயர் வருகிறார். இப்போதே துடைக்க ஆரம்பித்துவிட்டேன்.

உங்கள்
பிரீடா


கில்மோர், மேற்கு கிளேர்
9 நவம்பர் 2022

அன்புள்ள பிரீடா,

ம்.

இது வேடிக்கைக்கு. தபால்தலைக்குக் கொடுத்த காசு உறுத்தவில்லை.

பின்டன் சும்மா சொல்கிற ஆள் இல்லை. மாட்டுச் சந்தையில் விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுத்தான் சொல்கிறான். எதற்கும் ஜாக்கிரதையாக இருப்போம். மாதம் ஒரு தடவை நடனத்தில் பார்த்துக்கொள்வோம். நான் அங்கே வந்தாலும் வெளிச்சம் இருக்கும்போது வந்து வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுகிறேன்.

வௌவால்கள் தூங்கப் போய்விட்டன. சட்டம் அவற்றுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதி எனக்குக் கொடுத்திருந்தால் இந்நேரம் நான் கம்பளிப் பஞ்சுக்குள் படுத்திருப்பேன். அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மழை நாட்களில் வீட்டில் இன்னோர் உயிர் இருக்கிறது என்று ஒரு தைரியம்.

சர்வேயர் வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வேறொன்றும் இல்லை.

மலாக்கி


கராகீல்
18 நவம்பர் 2022

அன்புள்ள மலாக்கி,

சர்வேயர் வந்துவிட்டுப் போனார். நீங்கள் பார்த்திருந்தால் என்னைப் பற்றிப் பெருமைப்பட்டிருப்பீர்கள்.

விடிவதற்கு முன்பே இரும்படுப்பை மூட்டினேன். முன்னறைக் கணப்பில், கிறிஸ்துமஸுக்கு என்று எடுத்து வைத்திருந்த, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரியைப் போட்டேன். பக்கத்து வீட்டு கன்செப்டாவிடம் இரண்டு மின் கணப்பு இரவல் வாங்கி ஒன்றை நடையிலும் இன்னொன்றைக் குளியலறையிலும் வைத்தேன். ஜன்னல் இடுக்குக் காகிதங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு நல்ல திரைச்சீலை மாட்டினேன். ஆப்பிள் டார்ட் சுட்டேன்.

வந்தது சின்னப் பையன், கில்லியன் என்று பெயர். கையில் கணினிப் பலகை. உள்ளே வந்ததும் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டான்.

"வீட்டுல குளிர் எப்படிம்மா இருக்கு?" என்றான்.

"குளிரா? இங்கயா? சேச்சே! நான் நல்லாத்தான் இருக்கேன் தம்பி. ஒரு குறையும் இல்ல."

"ராத்திரியில?"

"ராத்திரியிலயும் நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிடு, இன்னொரு துண்டு வச்சுக்கோ."

மூன்று துண்டு சாப்பிட்டான். "எங்க வீடு இதவிடக் குளிரும்மா" என்றான். அவனுக்கு இந்தத் திட்டத்தில் எதுவும் கிடையாதாம், பாவம். மீதி டார்ட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினேன். முன்பின் தெரியாத ஒருவன் பிரீடா டார்ப்பியின் வீட்டில் நடுங்கிவிட்டுப் போனான் என்று பெயர் வரவிடவில்லை.

பிரீடா


கில்மோர்
22 நவம்பர் 2022

அன்புள்ள பிரீடா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை உட்கார்ந்துகொண்டு படித்தேன்.

பசிக்கிறது என்று சோறு கேட்கப் போனவர், ஏப்பம் விட்டுக் காட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

டார்ட் மிச்சம் இருந்தால் சனிக்கிழமை நடனத்துக்குக் கொண்டுவரவும்.

மலாக்கி


கராகீல்
6 மார்ச் 2023

அன்புள்ள மலாக்கி,

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. "தங்கள் இல்லம் ஏற்கெனவே வசதியான வெப்பநிலையில் பராமரிக்கப்பட்டு வருவதாக ஆய்வில் தெரியவருவதால்" என்னை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்களாம். மோசமான வீடுகளுக்குத்தான் முதலிடமாம். மறு ஆய்வு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன், அதற்குத் தனி வரிசை.

நீங்கள் ஏதும் சொல்ல வேண்டாம். ஏப்பத்தைப் பற்றி எழுதியதை நான் மறக்கவில்லை.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கோட்டும் தொப்பியும் போட்டபடி சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். ஜனவரி ஆறாம் தேதி வந்த பெண்களின் கிறிஸ்துமஸ் பண்டிகை நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஆண்கள்தான் பாத்திரம் கழுவ வேண்டும் என்று மூன்று பேருந்து மாறி வந்து என் பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்தீர்களே. கன்செப்டா கதவைத் தட்டியதும் உங்களைக் கரிக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினேன். நீங்கள் உள்ளே இருந்து தும்மினீர்கள். "எலியா?" என்று கேட்டாள். "ஆமாம், பெரிய எலி" என்றேன். அன்றைக்குச் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெளிச்சம் இருக்கும்போதே நீங்கள் பேருந்து ஏறினீர்கள். அதற்குப் பிறகு வீடு இன்னும் கொஞ்சம் குளிர்ந்துபோனது. அதை எந்தச் சர்வேயரும் அளவெடுக்கவில்லை.

பிரீடா


கில்மோர்
13 மார்ச் 2023

அன்புள்ள பிரீடா,

கொட்டகையில் என் முழங்காலில் பட்ட கரி இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் பரவாயில்லை, மறுபடி வருவேன்.

அடுத்த தடவை சர்வேயர் வரும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "குளிருது" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். உங்களுக்கு வாயில் வராது என்று எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவுக்கும் வராது. கால் உடைந்து தரையில் கிடந்தபோது, டாக்டரிடம் "ஒண்ணுமில்ல டாக்டர், நீங்க உக்காருங்க, டீ போடுறேன்" என்றவர்.

பழகிக்கொள்ளுங்கள். முதலில் பூனையிடம் சொல்லிப் பாருங்கள், பிறகு கண்ணாடியிடம். கடைசியாக, சொன்னாலும் ஒன்றும் ஆகாத யாராவது ஒருவரிடம், உதாரணமாகத் தபால்காரரிடம். பழக நிறைய நாள் இருக்கிறது.

மலாக்கி


கராகீல்
29 ஜனவரி 2024

மலாக்கி,

"அன்புள்ள" போடவில்லை, கவனித்தீர்களா?

நேற்று நடனத்துக்குப் போனேன், நீங்கள் வரவில்லை. அக்கார்டியன் வாசிக்கிறவர் வந்து கேட்கிறார்: "மலாக்கி ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டாராம்மா?"

எந்த ஆஸ்பத்திரி? புதன்கிழமை தொலைபேசியில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கேன், பைபைபை" என்றீர்கள். அப்போது எங்கே இருந்தீர்கள்? நிமோனியாவோடு கட்டிலிலா? பின்னால் ஏதோ கூவிக்கொண்டிருந்ததே, அடுப்பில் கெட்டில் என்று நினைத்தேன்.

எனக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு, குளிருது என்று சொல்லுங்கள் பிரீடா, குளிருது என்று சொல்லுங்கள் என்று எழுதிவிட்டு, உங்கள் வாயில் என்ன அடைத்திருந்தது?

நான் அந்த ஹாலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்தேன். பேருந்தில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் "என்னம்மா?" என்று கேட்டாள். என்ன சொன்னேன் என்று எழுத வேண்டியதில்லை.

பிரீடா


கில்மோர்
5 பிப்ரவரி 2024

அன்புள்ள பிரீடா,

திட்டுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. அதனால் கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து அடுப்படி நாற்காலியிலேயே தூங்கினேன். அதுதான் நெஞ்சில் இறங்கியிருக்கிறது. நர்ஸ் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது நல்லாத்தான் இருக்கேன் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜுரமானியைப் பார்த்தாள். "நீங்க அப்படித்தான் சொல்வீங்க. எங்க அப்பாவும் கிளேர்க்காரர்தான்" என்றாள்.

வார்டில் நல்ல கதகதப்பு. இவ்வளவு சுகமாக நான் தூங்கி வருஷக்கணக்காகிறது. ஒருநாள் ராத்திரி பயம் வந்தது. செத்துப்போவதற்குப் பயமில்லை. வரிசையில் நிற்கும்போதே செத்துப்போய்விடுவேனோ என்றுதான் பயம். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் தேவலை என்று நினைத்தேன். இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன், அடிக்கவில்லை.

இப்போது இருமல் குறைவு. இது உண்மை.

மலாக்கி


கராகீல்
28 அக்டோபர் 2024

அன்புள்ள மலாக்கி,

மறு ஆய்வுக்கு நாள் குறித்துவிட்டார்கள், நவம்பர் ஏழாம் தேதி. அதே பையன்தான் வருகிறான்.

நீங்கள் சொன்னபடி பழகினேன். பூனையிடம் சொன்னேன், எழுந்து போய்விட்டது. கண்ணாடியிடம் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது. போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் டெக்லன் வந்தார். மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "வீடு ரொம்பக் குளிருது டெக்லன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த தபாலெல்லாம் கீழே விழுந்தது.

"பிரீடாம்மா, நீங்களா சொல்றீங்க?"

"நான்தான்."

"அப்ப நெலம ரொம்ப மோசமாத்தான் இருக்கணும்" என்றார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தெருவில் அதற்கு மேல் அவர் தபால் கொடுத்தாரா என்பதே சந்தேகம்.

மதியத்துக்குள் கன்செப்டா கஞ்சியும் ரொட்டியும் கொண்டுவந்தாள். மாலையில், ஏழைகளுக்கு உதவும் கோவில் தர்மசபைக்காரர்கள் டிராக்டரில் கரி மூட்டை கொண்டுவந்து கொட்டகை நிறைய அடுக்கினார்கள். உங்களை இனிமேல் அங்கே ஒளித்து வைக்க முடியாது, இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியார் பிரசங்கத்தில், "நம்ம பங்கு மக்கள்ல ஒரு சகோதரி வாயத் திறக்காமலே குளிரத் தாங்கிக்கிட்டிருந்திருக்காங்க" என்றார். கோவிலே திரும்பி என்னைப் பார்த்தது. நல்ல தொப்பி போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதுவும் வீண்.

நான் ஏழை ஆகிவிட்டேன் மலாக்கி. உங்கள் யோசனையால்.

பிரீடா


கராகீல்
8 நவம்பர் 2024

திரு. மலாக்கி லாஃப்நேன் அவர்களுக்கு,

நேற்று ஆய்வு நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், படித்துவிட்டு உங்கள் பின்டனுக்கும் காட்டுங்கள்.

காலையிலேயே தர்மசபைக்காரர்கள் இருவர் வந்துவிட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினேன். "வெக்கப்படாதீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இரும்படுப்பையும் கணப்பையும் மூட்டி, நெருப்பு திகுதிகுவென்று எரிந்த பிறகுதான் போனார்கள். பையன் உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றினான். அப்புறம் ஸ்வெட்டரைக் கழற்றினான்.

நான் அவன் எதிரில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "குளிருது."

அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்னம்மா?" என்றான்.

"குளிருது தம்பி. ரொம்பக் குளிருது."

சிரித்துவிட்டான். "போன தடவ நீங்க சொன்னத நம்பி எழுதிட்டேம்மா, தப்பு என்னோடதுதான். இந்தத் தடவ உங்களக் கேக்கல, சுவரக் கேக்கப்போறேன்" என்று சொல்லி ஒரு கருவியைச் சுவரில் காட்டினான். அதில் சுவர் முழுக்க நீலமாகத் தெரிந்தது, நீலம் என்றால் குளிராம். வரிசையில் என்னை மேலே ஏற்றி எழுதுகிறானாம். வருகிற வசந்தத்தில் வேலை தொடங்கலாமாம்.

அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்போது ஆணியில் நீங்கள் மறந்துவிட்டுப் போன குல்லாய் அவன் கண்ணில் பட்டது. "கூட யாராவது இருக்காங்களாம்மா?"

"யாரும் இல்ல! அது செத்துப்போனவரோடது!" என்று அலறிவிட்டேன்.

"இருந்தாத்தான் என்னம்மா? மனு போட்ட அன்னைக்கு நீங்க உதவித்தொகை வாங்கினீங்களா, அது மட்டும்தான் கணக்கு. அப்புறம் நீங்க கல்யாணமே கட்டிக்கிட்டாலும் எங்களுக்கு ஒண்ணுமில்ல."

நான் உட்கார்ந்துவிட்டேன். "இது எப்ப மாத்தினாங்க?"

"மாத்தவே இல்லம்மா, எப்பவும் இப்படித்தான். வேற மாதிரி யார் சொன்னா?"

மாட்டுச் சந்தையில் ஒருவர் சொன்னார் என்று அந்தப் பையனிடம் நான் எப்படிச் சொல்வேன்?

இரண்டு குளிர்காலம், திரு. லாஃப்நேன். ஒரு நிமோனியா. ஒரு எலி.

இப்படிக்கு,
திருமதி பி. டார்ப்பி


கில்மோர்
18 நவம்பர் 2024

அன்புள்ள பிரீடா,

கடிதம் கிடைத்த அன்றே பின்டன் வீட்டுக்குப் போனேன். பசுவுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தான். "யார் சொன்னதுடா உனக்கு?" என்று கேட்டேன். காளைக் கன்று விற்கிற ஒரு கால்வே ஊர்க்காரர் சொன்னாராம். அவர் யார், எங்கே என்று பிடித்து, போன வியாழன் சந்தையில் ஆளையே போய்ப் பார்த்தேன்.

அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நான் சொன்னது மாட்டுக் கொட்டகை மானியம்ப்பா. வேல முடியறதுக்குள்ள வெளி மாடு எதையும் உள்ள கட்டக்கூடாது, கட்டினா மானியம் ரத்து."

பின்டனுக்குக் கொஞ்சம் காது மந்தம். மீதியை அவனே நிரப்பிக்கொண்டிருக்கிறான். அதாவது இரண்டு வருஷமாக நாம் மாட்டுக்குப் போட்ட விதிப்படி வாழ்ந்திருக்கிறோம். அந்தக் கணக்கில் நான் வெளி மாடு.

பின்டன் ரொம்ப வருத்தப்படுகிறான். கால் மூட்டை உருளைக்கிழங்கு கொடுத்தான். அவனுடைய அப்பாவும் இப்படித்தான், ஒருமுறை வானொலியில் வானிலையைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு, வைக்கோலுக்கான புல்லை ஊரே மழையில் அறுக்கும்படி செய்தார்.

இங்கே காற்று பலமாக இருக்கிறது. கடல் சாலையில் ஒரு மரம் விழுந்துவிட்டது.

மலாக்கி


கராகீல்
22 நவம்பர் 2024

மலாக்கி,

பின்டன், பின்டனின் அப்பா, வைக்கோல், உருளைக்கிழங்கு, விழுந்த மரம். எல்லாம் எழுதிவிட்டீர்கள்.

இனிமேல் விதி ஒன்றும் இல்லை. எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் எழுதவில்லை.

பிரீடா


கில்மோர்
2 டிசம்பர் 2024

அன்புள்ள பிரீடா,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீங்கள் கேட்டது நியாயம்.

அந்தப் பையன் சொன்னதைப் படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இரண்டு வருஷமாக யார் கேட்டாலும், நானே என்னைக் கேட்டாலும், "நான் என்ன செய்ய, அரசாங்கம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்ல வசதியாக இருந்தது.

நான் தனி ஆள். அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் இன்னொருவருடைய செருப்பு கிடந்ததில்லை. சாப்பிடும்போது செய்தித்தாள் படிப்பேன். குறட்டை விடுவேன், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் வார்டையே மாற்றிக்கொண்டார். வௌவாலோடு பேசுவேன். உங்கள் வீட்டுக்கு வந்தால் எல்லாவற்றையும் நான் தப்பாக வைப்பேன், நீங்கள் எடுத்துச் சரியாக வைப்பீர்கள். ஒரு மாதத்தில், இந்த மனுஷனை ஏன் கூப்பிட்டோம் என்று நினைப்பீர்களோ என்று பயம்.

ஆனால் ஆஸ்பத்திரியில் வந்த பயம் இதைவிடப் பெரியது. இரண்டையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

ஆகவே முறைப்படி மனு செய்கிறேன். மனுதாரர் மலாக்கி லாஃப்நேன், வயது எழுபத்தாறு. ஓதம் ஏறியவர், மேல்பகுதியில் காப்பு குறைவு. சொந்தமாக ஒரு வெந்நீர்ப் பை வைத்திருக்கிறார். வேண்டுவது உங்கள் வீட்டில் ஓர் இடம். வீடு எவ்வளவு குளிர்ந்தாலும் பரவாயில்லை.

மலாக்கி


கராகீல்
9 டிசம்பர் 2024

அன்புள்ள மலாக்கி,

தங்கள் மனு கிடைத்தது. ஆய்வு செய்ததில் மனுதாரர் மோசமான நிலையில் இருப்பது தெரியவருவதால் முதலிடம் தரப்படுகிறது. காத்திருப்புக் காலம்: சனிக்கிழமைப் பேருந்து வரை.

இனி நான். உங்களுக்கு மட்டும்தான் அது வசதியாக இருந்தது என்று நினைக்காதீர்கள். டாம் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவருடைய கோட்டு சூட்டெல்லாம் இன்னும் அலமாரியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு தொங்குகிறது. வீட்டு வேலைக்கு ஆள் வரும்போது எப்படியும் காலி செய்ய வேண்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று எல்லாவற்றையும் மடித்துத் தர்மசபைக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது அழுதேன். கரிக்குப் பதில் மரியாதை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அலமாரியில் பாதி காலியாக இருக்கிறது.

ஊர் பேசும். பேசட்டும். என்னை ஏழை என்று பேசியதைவிட இது எவ்வளவோ மேல்.

கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் கேட்டேன். மூன்று மாதம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டுமாம். நான் சிரித்த சிரிப்பில் அந்தப் பெண் பயந்துவிட்டாள். ஆக மார்ச்சில் கல்யாணம். அந்த மாதக் கடைசியில்தான் சாமியார் வந்து வைக்கும் வீட்டுப் பூசைக்கும் நம் வீட்டு முறை வருகிறது. இந்தத் தெருவில் பதினான்கு வீடு, வீடு வீடாகப் பூசை மாறி மாறி வருகிறது. பஞ்சம், யுத்தம் எது வந்தாலும் அந்த வரிசை மட்டும் தப்பியதே இல்லை. சுவருக்கு வெள்ளையடிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும்.

குறட்டையைப் பற்றி யோசித்தேன். எலியையே சமாளித்தவள் நான்.

குல்லாய் ஆணியிலேயே இருக்கிறது.

உங்கள்
பிரீடா


சமையலறை மேசை, டீக் கெட்டிலுக்கு அடியில்
27 மார்ச் 2025, காலை

மலாக்கி,

நீங்கள் பின்பக்கம் நாற்காலிகளைக் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள், கத்திக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை. எனக்கு நிற்க நேரமில்லை. கன்செப்டா வீட்டுக்குக் கோப்பை இரவல் வாங்க ஓடுகிறேன். பதினொரு மணிக்குச் சாமியார் வந்துவிடுவார். நம் கல்யாணத்துக்கு வந்ததைவிடப் பூசைக்கு அதிகம் பேர் வருவார்கள், சாண்ட்விச்சுக்காக.

விஷயம் இதுதான். கொஞ்ச நேரம் முன்னால் ஒரு வேன் வந்தது. சுவரில் துளை போட்டுக் காப்பு அடைக்கிறவர்கள்! கடிதமும் இல்லை, தகவலும் இல்லை, ஏணியோடு வந்து நிற்கிறார்கள். வேறொரு வீட்டில் ஆள் இல்லாததால் இங்கே முன்கூட்டியே வந்துவிட்டார்களாம். உள்ளே மேசையில் வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, உங்கள் வெள்ளையடிப்பு இன்னும் காயக்கூட இல்லை. "இன்னைக்கு வீட்டுல பூசை தம்பி" என்றேன்.

"இப்ப விட்டா மறுபடி எப்பன்னு சொல்ல முடியாதும்மா" என்றார் பெரியவர். அப்புறம் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்து, "வீடு ரொம்பக் குளிருதா? தாங்குவீங்களா?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது.

"சேச்சே, குளிரா? நாங்க நல்லாத்தான் இருக்கோம். ஒரு குறையும் இல்ல."

தலையை ஆட்டிவிட்டு ஏணியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வேன் கேட்டைத் தாண்டிய பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கே உறைத்தது. சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் சங்கடம்.

முக்குக் கடையில் டீ குடிக்க நிறுத்துவார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு உடனே போங்கள். பூசை முடிந்ததும் வரச் சொல்லுங்கள், சாண்ட்விச் உண்டு என்று சொல்லுங்கள். குளிருது என்று சொல்லுங்கள், மலாக்கி. எனக்கு அது வராது.

கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு போங்கள்.

பி.